எக்மோ ஓடும்போது இடது இதயத்தை எப்படி இளைப்பாற வைப்பது? வழிகளின் ஒப்பீடு

எக்மோ, அதாவது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் உடம்புக்கு வெளியே இருந்து செய்யும் இயந்திரம், போட்டாயிற்று. ஓட்டம் நிமிடத்துக்கு 4.5 லிட்டர், சராசரி ரத்த அழுத்தம் 75. ஒரு மணி நேரத்துக்கு முன்பு வெளிறிக் கிடந்த முகத்தில் மெல்ல நிறம் திரும்புகிறது. சிறுநீர் இறங்குகிறது, உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் குறையத் தொடங்குகிறது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் இப்போதுதான் மூச்சு வருகிறது. சரி, மானிட்டரில் ஓடும் சிவப்புக் கோட்டையும் ஒருமுறை பாருங்கள். ஏறி இறங்க வேண்டிய அலை, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலத் தட்டையாகக் கிடக்கிறது. அழுத்தம் இருக்கிறது, துடிப்பு இல்லை. உடம்பு பிழைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இதயம் உள்ளுக்குள் உப்பிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அந்தக் கோடுதான் முதல் சாட்சி.

இப்படி உப்பும் இடது கீழறையை வடிப்பதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஐசியுவில் இதைப் பொதுவாக 'வென்ட்' செய்வது என்பார்கள். எந்த வழியை எடுப்பது, எப்போது எடுப்பது என்பதில் அனுபவமுள்ள குழுக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வெளியே நாற்காலியில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் புரியும்படி அந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், இதயம் ஏன் உப்புகிறது?

விஏ எக்மோ, அதாவது சிரையில் எடுத்துத் தமனியில் விடும் வகை, தொடைச் சிரை வழியாக வலது மேலறையில் இருந்து ரத்தத்தை இழுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தொடைத் தமனி வழியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த ரத்தம் பெருந்தமனிக்குள் கீழிருந்து மேலாக, இயல்பான ஓட்டத்துக்கு எதிராக ஏறி, பெருந்தமனி வால்வின் மேல் போய் அழுத்துகிறது. தெம்புள்ள இடது கீழறை என்றால் அந்த அழுத்தத்தையும் மீறி வால்வைத் திறந்துவிடும். மாரடைப்பில் நொந்துபோன கீழறையால் அது முடியாது. வெளியே இருந்து ஒருவர் கதவைத் தள்ளிப் பிடித்திருக்க, உள்ளே இருப்பவர் திறக்கப் பார்ப்பது போன்ற நிலை.

ரத்தத்தைத்தான் இயந்திரம் வெளியே இழுத்துக்கொள்கிறதே, கீழறை எதனால் நிரம்புகிறது என்று கேட்கலாம். கேனுலா, அதாவது எக்மோவின் இழுக்கும் குழாய், எல்லா ரத்தத்தையும் இழுப்பதில்லை. மிச்சம் நுரையீரல் வழியாக இடது பக்கம் வந்து சேர்கிறது. அதோடு, மூச்சுக்குழல் தமனிகளின் ரத்தத்தில் பெரும்பகுதி நுரையீரல் சிரைகளில் கலந்து இடது மேலறைக்கு வருகிறது. இயல்பான நிலையில் இது மொத்த ஓட்டத்தில் சுமார் 1 சதவீதம்தான். ஓட்டம் 5 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மில்லி. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இயல்பான இடது கீழறை முழுதாக விரிந்தாலே கொள்ளுவது 120 மில்லி அளவுதான். வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் இரண்டு மூன்று நிமிடத்து வரத்தே அதை நிரப்பப் போதும். பெருந்தமனி வால்வில் கசிவும் இருந்துவிட்டால் எக்மோ தள்ளும் ரத்தமே பின்வாசல் வழியாக உள்ளே நுழையும்.

அப்புறம் நடப்பது ஒரு சங்கிலி. கீழறைக்குள் அழுத்தம் ஏறுகிறது, அது மேலறைக்குப் போகிறது, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் நீர் கோக்கிறது. கீழறைச் சுவர் இழுபட்டு, அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரத்தில் சுவருக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இதயத் தசைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை, பெருந்தமனியின் விரிவழுத்தத்துக்கும் கீழறையின் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பெருந்தமனியில் 65, கீழறையில் 10 என்றால் வித்தியாசம் 55. கீழறை 30-க்கு ஏறிவிட்டால் மிஞ்சுவது 35 மட்டும். மானிட்டரில் 65 மாறாமல் இருப்பதால் இந்த நஷ்டம் வெளியே தெரியாது. கடைசியாக, அசையாமல் தேங்கிய ரத்தம் உறைகிறது. கீழறைக்குள்ளோ, பெருந்தமனியின் அடிப்பகுதியிலோ கட்டி உண்டானால், வால்வு மறுபடி திறக்கும் நாளில் அது மூளைக்குப் போகலாம்.

ஆகவே எக்மோவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இவற்றைத் தேட வேண்டும்: துடிப்பு அழுத்தம் (மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்) 10-க்குக் கீழே போவது, எக்கோவில் வால்வு திறக்காமல் இருப்பதும் ரத்தம் புகைபோலச் சுழல்வதும், எக்ஸ்ரேயில் நுரையீரல் வெளுப்பது, மூச்சுக்குழாய் டியூபில் இளஞ்சிவப்பு நுரை வருவது, புதிதாகக் கீழறைத் தாளக்கேடு தலைகாட்டுவது. நுரையீரல் தமனியில் குழாய் இருந்தால் அதன் விரிவழுத்தம் 25-ஐத் தாண்டுகிறதா என்பதும் கணக்கில் வரும். நுரை வரும்வரை காத்திருந்தால் தாமதம் என்றே சொல்வேன்.

கருவி வைக்காமல் சமாளிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எக்மோவின் ஓட்டத்தை உடம்புக்குத் தேவையான அளவுக்கு மட்டும் குறைப்பது முதல் படி. சிறுநீரும் லாக்டேட்டும் 3.5 லிட்டரிலேயே நன்றாக இருந்தால் 4.5 எதற்கு? கூடுதலாகத் தள்ளும் ஒவ்வொரு அரை லிட்டரும் வால்வின் மேல் ஏற்றும் சுமை. இதோடு குறைந்த அளவில் டோபுடமின் அல்லது மில்ரினோன் கொடுத்து இதயத்தைக் கொஞ்சம் சுருங்க வைக்கலாம்; ரத்த நாளங்களைத் தளர்த்தி சராசரி அழுத்தத்தை 60, 65 பக்கம் வைத்துக்கொள்ளலாம்; டையூரெடிக் கொடுத்தோ டயாலிசிஸ் மூலமாகவோ நீரை இறக்கலாம்; வென்டிலேட்டரில் பீப்பை (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் அழுத்தத்தை) உயர்த்தலாம்.

உடம்பில் புதிதாக ஓட்டை எதுவும் போட வேண்டியதில்லை என்பது இதன் பலம். ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. ஓட்டத்தைக் குறைத்தால் மற்ற உறுப்புகள் வாடும். மருந்தைக் கூட்டினால், ஓய்வு கொடுக்க நினைத்த இதயத்தையே சாட்டையால் அடிப்பதாகிவிடும், தாளக்கேடும் வரும். சில மணி நேரம் முயன்றும் வால்வு திறக்கவில்லை என்றால் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போவது சரியல்ல. இந்த இடத்தில்தான் குழுக்கள் அதிகம் தயங்குகின்றன.

பலூன் பம்ப்

1960-களின் பிற்பகுதியில் இருந்து புழக்கத்தில் உள்ள கருவி இது. பெருந்தமனிக்குள் ஹீலியம் நிரம்பும் நீளமான பலூன். இதயம் விரியும்போது ஊதுகிறது, சுருங்கப் போகும் நொடியில் சுருங்குகிறது. பலூன் சுருங்கும் அந்தக் கணத்தில் பெருந்தமனி அழுத்தம் தணிவதால் கீழறைக்கு வால்வைத் திறக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. குழாய் மெல்லியது, 7 அல்லது 8 ஃப்ரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அலகு). படுக்கையிலேயே போடலாம், ரத்தச் சேதமும் கால் ரத்த ஓட்டத் தடையும் மற்றக் கருவிகளைவிடக் குறைவு.

பலவீனம் எங்கே என்றால், பலூன் தானாக ஒரு சொட்டு ரத்தத்தையும் கீழறையில் இருந்து எடுப்பதில்லை. கீழறை கொஞ்சமாவது சுருங்க வேண்டும், தாளமும் ஒழுங்காக இருக்க வேண்டும். முற்றிலும் நின்றுபோன இதயத்தில் பலூன் போட்டு அலைக்கோட்டில் அழகான மேடு பள்ளம் தெரிந்தால் ஏமாந்துவிடக்கூடாது. அது பலூனின் அலை, இதயத்தின் அலை அல்ல. வால்வு திறக்கிறதா என்று எக்கோவில் பார்த்துத்தான் நம்ப வேண்டும். பெருந்தமனி வால்வில் நடுத்தர அளவுக்கு மேல் கசிவோ, பெருந்தமனிச் சுவர்க் கிழிசலோ இருந்தால் பலூன் கூடாது.

2012-ல் வந்த ஐஏபிபி-ஷாக் 2 ஆய்வில் 600 பேரில் பலூன் வைத்தவர்களின் 30 நாள் இறப்பு 39.7 சதவீதம், வைக்காதவர்களிடம் 41.3. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது மாரடைப்பு ஷாக்கில் (மாரடைப்பால் இதயம் தளர்ந்து உடம்புக்கு ரத்தம் போதாத நிலையில்) பலூனையே முதன்மை ஆதரவாக வைத்துப் பார்த்த ஆய்வு. எக்மோவின் எதிர் அழுத்தத்தைத் தணிக்க வைப்பது வேறு கேள்வி. அந்த ஆய்வைக் காட்டி இங்கேயும் பலூனைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. வால்வு சில துடிப்புகளில் திறந்து சில துடிப்புகளில் திறக்காமல் இருக்கும் இடைப்பட்ட நோயாளிக்கு இது இன்றும் ஏற்ற கருவி.

இம்பெல்லா

தொடைத் தமனி வழியாக ஏறி, பெருந்தமனி வால்வைத் தாண்டி, ஒரு முனை கீழறைக்குள்ளும் மறு முனை பெருந்தமனியிலும் நிற்கும் சிறிய பம்ப். கீழறையில் இருந்து ரத்தத்தை நேரடியாக உறிஞ்சி வெளியே விடுகிறது. இதயம் சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும் இது வேலை செய்யும். நிரம்பிய தொட்டியைத் தொட்டிக்குள்ளேயே மோட்டார் போட்டு இறைப்பது மாதிரி. எக்மோவோடு சேர்த்து வைத்தால் இதற்கு 'எக்பெல்லா' என்று பெயர்.

சிபி மாடலின் பம்ப் பகுதி 14 ஃப்ரெஞ்ச் தடிமன்; 5.5 மாடல் அதைவிடப் பெரியது, தோள் பக்கத்துத் தமனியில் அறுவை செய்து வைக்க வேண்டும். அதில் ஒரு நல்லது, எக்மோவை எடுத்த பிறகு தொடையில் குழாய் இல்லாததால் நோயாளி எழுந்து நடக்கலாம். எக்மோ கூடவே ஓடும்போது பம்பை முழு வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் நிமிடத்துக்கு 1.5 முதல் 2.5 லிட்டர் வரை இழுத்தாலே கீழறை இளகிவிடும். அதற்கு மேல் போனால் கீழறை வற்றி, சுவர் பம்பின் வாயில் ஒட்டிக்கொண்டு சக்‌ஷன் அலாரம் அடிக்கும்.

உப்பிய கீழறையை இறக்குவதில் இதற்கு இணையாக, நெஞ்சைத் திறக்காமல் செய்யும் வேறு வழி இல்லை. ஆனால் இது வாங்கும் விலையும் அதிகம். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் கருக்கும், ரத்தக் கசிவு கூடும், ஏற்கெனவே ஒரு தொடையில் எக்மோ குழாய் இருக்க மறு தொடையிலும் பெரிய குழாய் போகும். எக்மோவுக்கு மட்டும் ஆளானவர்களையும் எக்மோவோடு இம்பெல்லாவும் வைத்தவர்களையும் ஒப்பிட்டு 2020-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 255 இணைகள் இருந்தன. இம்பெல்லா வைத்தவர்களிடம் இறப்பு குறைவு. ஆனால் கடுமையான ரத்தக்கசிவு 38.4 சதவீதம், மற்றவர்களிடம் 17.9. உயிர் பிழைப்பதில் கிடைக்கும் ஆதாயத்தையும் இந்த இரட்டிப்பையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கீழறைக்குள் ஏற்கெனவே கட்டி இருந்தால் இம்பெல்லா கூடாது. பெருந்தமனி வால்வின் இடத்தில் செயற்கை உலோக வால்வு இருந்தாலும் கூடாது. இன்னொன்றும் பலருக்கு மறந்துபோகிறது. இம்பெல்லா வெளியே தள்ளுவது நுரையீரல் வழியாக வந்த ரத்தத்தை. நுரையீரல் கெட்டிருந்தால் அது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். முதலில் போய்ச் சேர்வது இதயத் தசைக்கும் மூளைக்கும். ஆகவே ரத்த வாயு மாதிரியை வலது கையில் இருந்துதான் எடுக்க வேண்டும். காலிலோ இடது கையிலோ எடுத்துவிட்டு ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைப்பது ஆபத்து.

இடது மேலறை வழி

கீழறையைத் தொடாமல், அதற்கு மேலே உள்ள மேலறையை வடிப்பது இன்னொரு அணுகுமுறை. எளிமையானது, தொடைச் சிரை வழியாகப் போய் இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் பலூனால் துளை போடுவது. குழந்தைகளிடம் இது நெடுநாள் பழக்கம்; பலூன் முறையே 1966-ல் பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளுக்காக வந்ததுதான். இடது பக்கத்து ரத்தம் துளை வழியாக வலது பக்கம் வந்து எக்மோவுக்குள் போய்விடும். புதிதாகத் தமனியில் குழாய் இல்லை, கூடுதல் பம்ப் இல்லை. ஆனால் எவ்வளவு வடிகிறது என்பது துளையின் அளவைப் பொறுத்தது. அதைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. இதயம் தேறிய பிறகு சிலருக்குத் துளையை மூடவும் வேண்டியிருக்கும்.

இதைவிட நேர்த்தியான வழி, அந்தச் சுவரைத் தாண்டி ஒரு கேனுலாவையே இடது மேலறையில் வைத்து அதை எக்மோவின் இழுக்கும் குழாயோடு சேர்ப்பது. பல துளைகள் கொண்ட ஒரே கேனுலா இரு மேலறைகளில் இருந்தும் இழுக்கும்படியும் வைக்கலாம். லாவா எக்மோ என்பது அதுதான். ஒரே பம்ப், தமனியில் ஒரே ஒரு குழாய், நிறைய வடிப்பு. கீழறையில் கட்டி இருந்தாலும், உலோக வால்வு இருந்தாலும் செய்யலாம். நுரையீரல் கெட்டிருந்தாலும் அந்த ரத்தம் மூளைக்குப் போகாமல் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகிறது. இம்பெல்லாவுக்கு இடமில்லாத நோயாளிகளில் பலருக்கு இந்த வழி திறந்திருக்கிறது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. சுவரைத் துளைக்கும் கை பழகிய கையாக இருக்க வேண்டும், நோயாளியைக் கேத் லேபுக்கு (ரத்தக் குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறைக்கு) கொண்டுபோக வேண்டும், தவறினால் இதயச் சுவரே துளைபடும். கேனுலா வலது பக்கம் நழுவிவிட்டால் வடிப்பு நின்றுபோகும், அது உடனே தெரியாமலும் போகலாம். அதிகமாக இழுத்துவிட்டால் கீழறைக்கு ரத்தமே வராமல் வால்வு முற்றிலும் மூடிக்கொள்ளும். அங்கேயும் கட்டி உறையும். பெருந்தமனி வால்வில் கசிவு உள்ளவரிடம் மேலறையை வடித்து முழுப் பயன் இல்லை. ரத்தம் நேரே கீழறைக்குள் இறங்குகிறது. மிட்ரல் வால்வு அதை மேலே போக விடாது.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுத்துச் சிரை வழியாக நுரையீரல் தமனியில் ஒரு குழாய் வைத்து ரத்தத்தை இடது பக்கம் போகுமுன்பே திருப்பிக்கொள்வது ஒன்று; வலது இதயமும் பலவீனமாக இருப்பவர்களுக்கு உதவும், ஆனால் இடது பக்கத்தை மறைமுகமாகத்தான் தணிக்கும். அறுவை மூலம் கீழறையின் முனையிலோ வலது மேல் நுரையீரல் சிரையிலோ குழாய் வைப்பது மற்றது. அறுவை முடிந்து நெஞ்சு ஏற்கெனவே திறந்திருக்கும் நோயாளிக்கு இதுவே முதல் தேர்வு. கீழறை முனைக் குழாயைப் பின்னாளில் தற்காலிக இடது கீழறை பம்பாகவும் மாற்றிக்கொள்ளலாம். நெஞ்சு மூடியிருப்பவருக்கு, அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஓடும்போது, இதற்காகவே திறப்பது கடைசி வழி.

எல்லோருக்கும் முன்கூட்டியே வடிக்கலாமா, தேவைப்படும்போது மட்டுமா?

கருவி எது என்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். 2022-ல் வெளியான ஒரு பதிவேட்டு ஆய்வில் விஏ எக்மோவில் இருந்த 12,734 பேரின் விவரம் இருந்தது. 26.7 சதவீதம் பேருக்குக் கருவி மூலம் வடித்திருந்தார்கள், அதிகமும் பலூன். மருத்துவமனை இறப்பு அவர்களிடம் 56.6, மற்றவர்களிடம் 59.3 சதவீதம், சிக்கல்கள் கூடுதல். இது பதிவேடு. யாருக்குக் கருவி வைப்பது என்பதை மருத்துவர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதனால் அந்த வித்தியாசத்தைக் கருவியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

குலுக்கல் முறையில் நடந்த ஏர்லி-அன்லோட் ஆய்வு தென்கொரியாவில் இருந்து 2023-ல் வந்தது. 116 பேர். ஒரு குழுவுக்கு 12 மணி நேரத்துக்குள் இடது மேலறை கேனுலா, மறு குழுவுக்குத் தேவைப்பட்டால் மட்டும். 30 நாள் இறப்பு 46.6 சதவீதமும் 44.8 சதவீதமும்; வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு "வடிப்பதில் பயனில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். காத்திருந்த குழுவில் பாதிப் பேருக்குப் பிறகு வடிக்க வேண்டியே வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே தேவையில்லை என்றுதான் எனக்கு அது சொல்கிறது. கவனித்துக்கொண்டே இருந்து, தேவை வந்ததும் தாமதிக்காத குழுவுக்குக் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

அதே 2023-ல் வந்த ஈசிஎல்எஸ்-ஷாக் ஆய்வில் மாரடைப்பு ஷாக் நோயாளிகள் 417 பேர். எக்மோ வைத்தவர்களிடம் 30 நாள் இறப்பு 47.8, வைக்காதவர்களிடம் 49.0. எக்மோ குழுவில் இடது கீழறையை வடித்தது நூற்றுக்கு 6 பேரிடம்தான். 2024-ல் வந்த டான்ஜர் ஷாக் ஆய்விலோ எக்மோ மையம் அல்ல. இம்பெல்லாவே முதன்மை ஆதரவு. 355 பேரில் 180 நாள் இறப்பு இம்பெல்லா குழுவில் 45.8, மற்றதில் 58.5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுமையைக் குறைப்பதுதான் காப்பாற்றுகிறது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் டான்ஜரில் இதயம் நின்று மீட்கப்பட்ட பிறகு மயக்கம் தெளியாதவர்களைச் சேர்க்கவில்லை, எக்மோ ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள். ஒன்றின் முடிவை மற்றதன் மேல் போர்த்த முடியாது.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

வால்வு ஒவ்வொரு துடிப்பிலும் திறக்கிறது, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்றால் எந்தக் கருவியும் வேண்டாம். ஓட்டத்தைச் சரிசெய்து, தினமும் எக்கோ பார்த்தால் போதும். வால்வு விட்டுவிட்டுத் திறந்தால் பலூன். சில மணி நேரம் மருந்து கொடுத்தும் வால்வு மூடியே இருந்தால், நுரையீரலும் வலது இதயமும் தாங்கக்கூடியவை என்றால் இம்பெல்லா. நுரையீரல் மோசம், அல்லது கீழறையில் கட்டி, அல்லது உலோக வால்வு என்றால் இடது மேலறை கேனுலா. பெருந்தமனி வால்வுக் கசிவு பெரிதாக இருந்தால் மேலே சொன்ன பெரும்பாலானவை கைகொடுக்காது. அறுவை மருத்துவரை அன்றே கூப்பிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது. இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவின் கை எதில் பழகியிருக்கிறது என்பது இந்த வரிசையையே மாற்றிவிடும். மாதம் ஒருமுறை சுவர் துளைக்கும் குழுவும் வருடம் ஒருமுறை துளைக்கும் குழுவும் ஒரே முடிவை எடுக்கக்கூடாது.

குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: வால்வு திறக்கிறதா, நுரையீரலில் நீர் இருக்கிறதா, திறக்காவிட்டால் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றாவதுக்கு முதல் நாளே தெளிவான பதில் இருக்க வேண்டும்.

எக்மோவில் இருந்து எப்படி இறங்கப் போகிறோம் என்பதையும் ஏறும்போதே யோசிக்க வேண்டும், ஏனென்றால் வழிக்கு வழி அது மாறும். இம்பெல்லா இருந்தால் எக்மோவை முதலில் எடுத்துவிட்டு, இடது பக்கத்துக்கு மட்டும் பம்பின் துணையோடு சில நாள் விடலாம். வலது இதயம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை. பலூனும் அப்படியே பின்னால் தங்கலாம். இடது மேலறை கேனுலாவுக்கு அந்த வசதி இல்லை, எக்மோ நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் அங்கே முதலில் இடது மேலறையில் இருந்து வரும் குழாயை அடைத்து, கீழறைக்கு ரத்தத்தை விட்டு, அது எப்படித் தாங்குகிறது என்று எக்கோவில் பார்த்த பிறகே எக்மோவின் ஓட்டத்தைக் குறைப்பார்கள். சிவப்புக் கோட்டில் அலை மறுபடி எழுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.